ஸ்லெட்ஜிங்: எதுவரை சீண்டலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

எதிரணி ஆட்டக்காரரின் கவனம் சிதற வேண்டும் என்பதற்காகவே அவரை வாயால் சீண்டுவதுதான் ஸ்லெட்ஜிங். அது கிண்டலாக இருக்கலாம், குத்தலாக இருக்கலாம், மிரட்டலாக இருக்கலாம், சில சமயம் அப்பட்டமான வசவாகவும் இருக்கலாம். இந்த நாலும் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்து, "இதெல்லாம் ஆட்டத்தில் சகஜம்" என்று சொல்லிவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கிரிக்கெட்டைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்கும், இப்போதுதான் ஏதாவது ஒரு அணியில் சேர்ந்து ஆடத் தொடங்கியவர்களுக்கும் இதை முடிந்தவரை நேராக விளக்கப் பார்க்கிறேன்.

முதலில், கிரிக்கெட்டில் மட்டும் ஏன் இந்த வாய்ச்சண்டை இவ்வளவு? ஆட்டத்தின் அமைப்பே அப்படி. வேகப்பந்து பேட்ஸ்மேனிடம் வந்து சேர சுமார் அரை விநாடிதான் ஆகும், ஆனால் அடுத்த பந்து வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் பேட்ஸ்மேனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, யோசிக்க மட்டும்தான் முடியும். பின்னால் கீப்பர், பக்கத்தில் ஸ்லிப், கைக்கெட்டும் தூரத்தில் ஷார்ட் லெக் என்று சுற்றி நிற்பவர்கள் எல்லாம் எதிராளிகள், தன் அணிக்காரர் என்று இருக்கும் ஒரே ஆள் 22 கஜம் தள்ளி நிற்கிறார். பந்து வீசுபவர் ஒரு பந்தைத் தவறாகப் போட்டால் அடுத்த பந்தில் சரிசெய்துகொள்ளலாம். பேட்ஸ்மேன் ஒரு தப்பு செய்தால் அன்றைய வேலை முடிந்தது. இப்படி ஒரு தனிமையும் பயமும் இருக்கிற இடத்தில், காதில் விழும் ஒரு சின்ன வார்த்தைகூட வேலை செய்யும். "இவருக்கு ஷார்ட் பால் (முன்னாலேயே குத்தி மேலே எழும்பும் பந்து) ஆகாது" என்று கீப்பர் சும்மா சொன்னாலே போதும், அடுத்த பந்து ஷார்ட்டாக வருமோ என்று கால் பின்னால் போகும், வருவது காலடியில் வந்து விழும் யார்க்கராக இருக்கும்.

நேரடியாகப் பேச வேண்டும் என்றுகூட இல்லை. ஃபீல்டர்கள் தங்களுக்குள் பேசுவது போலப் பேசி, அது பேட்ஸ்மேன் காதில் விழும்படி பார்த்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும். 2018 டிசம்பரில் அடிலெய்டு டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா நிதானமாக ஆடிக்கொண்டிருந்தபோது, எல்லாரும் புஜாரா (பொறுமைக்குப் பேர்போன இந்திய பேட்ஸ்மேன்) ஆகிவிட முடியாது என்ற அர்த்தத்தில் இந்தியக் கீப்பர் ரிஷப் பந்த் பின்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தது ஸ்டம்ப் மைக்கில், அதாவது ஸ்டம்ப் அருகே வைத்திருக்கும் ஒலிவாங்கியில், பதிவானது. அதே தொடரின் மெல்போர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலியக் கேப்டன் டிம் பெய்ன் அதைத் திருப்பிக் கொடுத்தார். ஒருநாள் அணிக்கு தோனி திரும்பிவிட்டார், உனக்கு வேலை இருக்காது, ஹோபார்ட்டில் வந்து டி20 ஆடு, நானும் மனைவியும் சினிமாவுக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார். பெய்ன் பேட்டிங் செய்ய வந்ததும் பந்த் விடவில்லை, பக்கத்தில் நின்ற மயங்க் அகர்வாலிடம் "தற்காலிகக் கேப்டன் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறாயா" என்று ஆரம்பித்தார். பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் தடை பெற்றிருந்த ஸ்டீவ் ஸ்மித்தின் இடத்தில் கேப்டனாகியிருந்த பெய்னுக்கு அது குத்தல்தான், ஆனால் தாங்கக்கூடிய குத்தல். சில நாட்களில், புத்தாண்டு அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் வீட்டு வரவேற்பில் பெய்னின் குழந்தையை பந்த் கையில் வைத்துக்கொண்டு, பெய்னின் மனைவியோடு நிற்கும் படம் வெளியாகி உலகமே ரசித்தது.

இந்த வகையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆட்டத்துக்கு இது சுவை. பேசியவர், கேட்டவர், பார்த்தவர் மூவருமே பிறகு சிரிக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். பெய்ன் சொன்னதில் குடும்பம் வந்தாலும் அது அவருடைய சொந்தக் குடும்பம், எதிராளியுடையது இல்லை.

அதே பெய்ன் இரண்டு வருடம் கழித்து, 2021 ஜனவரி 11 அன்று சிட்னியில், வேறு மாதிரிப் பேசினார். அந்த நாளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் ஸ்லெட்ஜிங் பேசுகிறவரையே எப்படித் திருப்பித் தாக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வெற்றிக்கு 407 ரன் இலக்கு. இந்தியா ஐந்து விக்கெட்டை இழந்துவிட்டது. தொடைத்தசை கிழிந்து ஓட முடியாத ஹனுமா விஹாரியும், முதுகுவலியால் குனியவே சிரமப்பட்ட அஸ்வினும் களத்தில் நிற்கிறார்கள். ரன் எடுக்கும் எண்ணமே இல்லை, நாளை ஓட்டினால் போதும். விஹாரிக்குத் தமிழ் தெரியும் என்பதால் ஓவருக்கு ஓவர் இருவரும் தமிழில் பேசிக்கொண்டது மைக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது. விக்கெட் விழாத எரிச்சலில் பெய்ன் அஸ்வினைச் சீண்ட ஆரம்பித்தார், அடுத்த டெஸ்ட் நடக்கும் பிரிஸ்பேன் காபா மைதானத்துக்கு நீ எப்போது வருவாய் என்று காத்திருக்கிறேன் என்றார். நீ எப்போது இந்தியாவுக்கு வருவாய் என்று நாங்களும் காத்திருக்கிறோம், அதுதான் உன் கடைசித் தொடராக இருக்கும் என்றார் அஸ்வின். பெய்ன் விடாமல் வசவு வரைக்கும் போனார். கொஞ்ச நேரத்தில் விஹாரியின் பேட்டில் பட்டு வந்த கேட்சை அவரே கோட்டை விட்டார், அன்றைக்கு அவர் விட்ட மூன்றாவது கேட்ச் அது. இருவரும் நாற்பது ஓவருக்கு மேல் நின்று ஆட்டத்தை டிரா செய்தார்கள். அஸ்வின் 128 பந்தில் 39, விஹாரி 161 பந்தில் 23, இருவரும் ஆட்டமிழக்கவில்லை.

மறுநாள் பெய்ன் தானாகவே பத்திரிகையாளர்களை அழைத்து மன்னிப்புக் கேட்டார், வாயைத் திறந்துவிட்டுக் கேட்சை விட்டதில் முட்டாளாகத் தெரிந்தேன் என்றே சொன்னார். அடுத்த வாரம் அதே காபாவில் இந்தியா 328 ரன் இலக்கைத் துரத்தி மூன்று விக்கெட்டில் ஜெயித்தது. அஸ்வின் காயத்தால் அந்த ஆட்டத்தில் ஆடவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, இதில் வரம்பு மீறியது எது? காபா பற்றிய பேச்சு இல்லை. அது ஆட்டத்தைப் பற்றிய சவால், அதற்கு அஸ்வின் கொடுத்ததும் ஆட்டத்தைப் பற்றிய பதில்தான். அதற்குப் பிறகு வந்த வசவுதான் பிரச்சினை. எதிராளியின் மனதைக் குழப்பும் திறமை தீர்ந்துபோனதும் வாயில் கெட்ட வார்த்தை வருகிறது, பெரும்பாலான மோதல்களில் இப்படித்தான் நடக்கிறது.

இன்னும் கடுமையான ஒன்றைப் பார்க்கலாம். 2003 மே மாதம், ஆன்டிகுவா டெஸ்ட். ஆஸ்திரேலியா நிர்ணயித்த 418 ரன்னை மேற்கிந்தியத் தீவுகள் துரத்துகிறது, இளைஞர் ராம்நரேஷ் சர்வான் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ரா அவரிடம் போய் ஆபாசமான ஒரு கேள்வியைக் கேட்டார், இங்கே எழுதும்படியான கேள்வி அல்ல அது. சர்வான் அதே பாணியில் மெக்ராவின் மனைவியை இழுத்துப் பதில் சொல்லிவிட்டார். மெக்ராவின் மனைவி ஜேன் அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். மெக்ரா வெறிபிடித்தது போல சர்வானின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்திய காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. சர்வான் 105 ரன் எடுத்தார், மேற்கிந்தியத் தீவுகள் மூன்று விக்கெட்டில் ஜெயித்தது, டெஸ்டில் நான்காவது இன்னிங்ஸில் துரத்தி எடுக்கப்பட்ட மிகப்பெரிய இலக்கு இன்றுவரை அதுதான்.

மெக்ராவின் வலி உண்மையானது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஆபாசத்தை ஆரம்பித்தவர் அவர். தான் பேசும்போது எல்லாமே விளையாட்டாகத் தெரிந்தது, திரும்பி வந்தபோதுதான் எல்லை எது என்று தெரிந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே இதுதான்: எல்லை எங்கே என்பதை பேசுகிறவரே தீர்மானிக்க முடியாது. எதிரில் நிற்பவரின் வீட்டில் என்ன நடக்கிறது, அவர் எதைச் சுமந்துகொண்டு களத்துக்கு வந்திருக்கிறார் என்பது பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

ஆஸ்திரேலிய அணி பல வருடங்களாக வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. கடுமையாக ஆடுவோம், ஆனால் கோடு எங்கே என்று எங்களுக்குத் தெரியும், அதைத் தாண்ட மாட்டோம் என்பார்கள். கோட்டைத் தலையால் முட்டிக்கொண்டே இருப்போம் என்று நேதன் லயன் 2018-இல் பேசியது பிரபலம். அந்தக் கோட்டை வரைந்தது யார், எப்போது, மற்ற அணிகளிடம் கேட்டார்களா? அந்த வருடம் மார்ச்சில் டர்பன் டெஸ்டின்போது தேநீர் இடைவேளைக்குப் போகும் வழியில், படிக்கட்டில் ஆஸ்திரேலியாவின் டேவிட் வார்னரும் தென்னாப்பிரிக்காவின் குயின்டன் டி காக்கும் அடித்துக்கொள்ளாத குறையாக மோதினார்கள். வார்னரின் மனைவியைப் பற்றி டி காக் பேசினார் என்றது வார்னர் தரப்பு, தனிப்பட்ட தாக்குதலை ஆரம்பித்ததே வார்னர்தான் என்றது தென்னாப்பிரிக்கத் தரப்பு. வார்னருக்குப் போட்டிச் சம்பளத்தில் 75 சதவீதம், டி காக்குக்கு 25 சதவீதம் அபராதம். அதே தொடரில்தான் கேப்டவுனில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரம் வெடித்தது. ஸ்லெட்ஜிங்கும் பந்தைத் தேய்ப்பதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் "கோட்டை நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்று பழகிய அணிக்கு அந்தக் கோடு நகர்ந்துகொண்டே போவது தெரியாமல் போய்விடுகிறது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? நான் முதலில் பார்ப்பது, பேச்சு இந்த ஆட்டத்தைப் பற்றியதா, இல்லை அந்த ஆளைப் பற்றியதா என்பதைத்தான். கடைசியாக அடித்த ஷாட், ரன் வராத தொடர், அணியில் இருக்கும் இடம், விட்ட கேட்ச் எல்லாம் ஆட்டத்துக்குள் வருகிறவை, அதற்கு பேட்டால் பதில் சொல்ல முடியும். நிறம், சாதி, மதம், பிறந்த நாடு, உடலமைப்பு, பாலினம், குடும்பத்தார், நோய், இறப்பு இதற்கெல்லாம் சதம் அடித்தும் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அவை ஆட்டம் முடிந்தாலும் கூடவே வரும். அப்புறம், கேட்பவரால் சமமாகத் திருப்பிச் சொல்ல முடியுமா என்பதையும் பார்ப்பேன். பத்து வருடம் ஆடிய ஒருவர், முதல் ஆட்டத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும் பதினேழு வயதுப் பையனிடம் பேசுவதும், தன் வயதும் அனுபவமும் உள்ள எதிராளியிடம் பேசுவதும் ஒன்றாகாது. பத்துப் பேர் சேர்ந்துகொண்டு ஒருவரை நாள் முழுக்க விடாமல் நோண்டினால், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகச் சாதுவாக இருந்தாலும், மொத்தத்தில் அது கொடுமைதான்.

மிரட்டலை நான் தனியாக வைக்கிறேன். 2013 நவம்பரில் பிரிஸ்பேனில் கடைசி ஆட்டக்காரராக வந்த இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சனிடம், கை உடையத் தயாராக இரு என்று ஆஸ்திரேலியக் கேப்டன் மைக்கேல் கிளார்க் கெட்ட வார்த்தையோடு சொன்னது மைக்கில் கேட்டது. அப்போது பந்து வீசிக்கொண்டிருந்தவர் மிட்செல் ஜான்சன், அந்தத் தொடர் முழுக்க இங்கிலாந்தை நடுங்க வைத்தவர். கிளார்க்குக்கு 20 சதவீத அபராதம். பலர் அதை வீரமாகக் கொண்டாடினார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. வேகப்பந்து உண்மையிலேயே கையை உடைக்கும், உயிரையும் எடுக்கும், அடுத்த வருடம் இதே நவம்பரில் சிட்னியில் பவுன்சர் பட்டு பிலிப் ஹியூஸ் இறந்தார். காயப்படுத்துவேன் என்று சொல்வதற்கு ஆட்டத்தில் இடமே இருக்கக் கூடாது.

இனம், நிறம் சார்ந்த வசவில் விவாதிக்க எதுவும் இல்லை, இருந்தாலும் அதை நிரூபிப்பதில் கிரிக்கெட் தடுமாறியிருக்கிறது. 2008 ஜனவரி சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் குரங்கு என்று சொன்னதாக ஹர்பஜன் சிங் மீது புகார் வந்தது, மேட்ச் ரெஃப்ரி (நடத்தைப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) மைக் புராக்டர் மூன்று டெஸ்ட் தடை விதித்தார். மேல்முறையீட்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன், இனவசவு நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, வசைமொழி பேசியதற்கு 50 சதவீத அபராதமாகக் குறைத்தார். இன்ன வார்த்தைதான் சொல்லப்பட்டது என்று காட்டும் ஒலிப்பதிவு இல்லை, நடுவர்கள் காதிலும் விழவில்லை, ஒரு தரப்பின் சொல்லுக்கு எதிராக இன்னொரு தரப்பின் சொல். 2019 ஜனவரியில் நிலைமை வேறு. டர்பனில் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது, தென்னாப்பிரிக்காவின் ஆன்டிலே பெலுக்வாயோவின் நிறத்தைக் குறிப்பிட்டு உருதுவில் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் தெளிவாக விழுந்தது. பெலுக்வாயோவுக்கு அது புரிந்திருக்காது, ஆனால் உலகம் முழுக்கக் கேட்டது. சர்ஃபராஸ் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார், சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி நான்கு போட்டிகள் தடை விதித்தது. எதிராளிக்குப் புரியாத மொழியில் பேசினால் தப்பித்துவிடலாம் என்ற பழைய நம்பிக்கைக்கு இனி வேலை இல்லை.

அடுத்த மாதமே செயின்ட் லூசியாவில் இன்னொன்று நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் ஷானன் கேப்ரியல் ஏதோ சொன்னதற்கு இங்கிலாந்துக் கேப்டன் ஜோ ரூட் அமைதியாக, அதை இழிசொல்லாகப் பயன்படுத்தாதே, தன்பாலின ஈர்ப்பாளராக இருப்பதில் தவறு எதுவும் இல்லை என்று பதில் சொன்னார். கத்தவில்லை, திட்டவில்லை. மைக்கில் கேட்டது ரூட்டின் பதில் மட்டும்தான். கேப்ரியலுக்கு நான்கு ஒருநாள் போட்டிகள் தடை, பிறகு அவரும் மன்னிப்புக் கேட்டார். வரம்பு மீறிய பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு வீடியோவைத்தான் காட்டுவேன்.

விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேசப் போட்டிகளில் ஐசிசியின் நடத்தை விதிகளில் நான்கு நிலைகள் உண்டு. அவுட் ஆகிப் போகும் பேட்ஸ்மேனை இழிவுபடுத்துவது, ஆத்திரமூட்டுவது எல்லாம் பொதுவாக முதல் நிலை: எச்சரிக்கை முதல் 50 சதவீத அபராதம் வரை, கூடவே ஒன்று அல்லது இரண்டு டிமெரிட் புள்ளிகள், அதாவது தவறுக்காக ஆட்டக்காரர் பெயரில் சேரும் புள்ளிகள். 24 மாதத்துக்குள் நான்கு புள்ளி சேர்ந்தால் ஆட்டத்தடை. 2020 ஜனவரியில் ஜோ ரூட்டை அவுட் ஆக்கிவிட்டு அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய்க் கத்திய ககிசோ ரபாடாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி, ஆனால் அது நான்காவது புள்ளி, அதனால் அடுத்த டெஸ்டில் ஆட முடியவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் யாசிர் ஷாவை அவுட் ஆக்கியதும் வாயை விட்ட ஸ்டூவர்ட் பிராடுக்கு 15 சதவீத அபராதம் விதித்த மேட்ச் ரெஃப்ரி அவருடைய அப்பா கிறிஸ் பிராட்.

கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்சிசியின், எல்லா மட்டத்துக்கும் பொருந்தும் விதிகளில், பேட்ஸ்மேன் பந்தை எதிர்கொள்ளத் தயாராகும்போதோ எதிர்கொள்ளும்போதோ வேண்டுமென்றே கவனத்தைக் கலைத்தால், அந்தப் பந்து கணக்கில் வராது, ஐந்து ரன் அபராதம் உண்டு. பலருக்கும் இது தெரியாது. பவுலர் ஓடி வரும்போது சில்லி பாயிண்டில் நின்று பேசிக்கொண்டிருப்பது "சகஜம்" கிடையாது, விதிமீறல். 2017-இல் சேர்க்கப்பட்ட 42-ஆவது விதிப்படி மோசமான நடத்தைக்கு ஐந்து ரன் அபராதம் கொடுக்கலாம், இன்னொரு ஆட்டக்காரரைத் தாக்குவேன் என்று மிரட்டுபவரைச் சில ஓவர்களுக்கு வெளியே அனுப்பலாம், கைகலப்பில் இறங்குபவரை ஆட்டம் முழுக்கவே வெளியேற்றலாம்.

புதிதாக ஆடுபவர்களுக்கு நடைமுறையில் இரண்டு மூன்று விஷயங்கள் சொல்லலாம். பேச்சு ஆட்டத்தைப் பற்றியதாக இருந்தால், பதில் சொல்ல வருமென்றால் சொல்லுங்கள், வராதென்றால் கையுறையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுங்கள், அது கோழைத்தனம் ஆகாது. புஜாரா, ஆம்லா போன்றவர்கள் வாயே திறக்காமல் நாள் கணக்கில் நின்று எத்தனையோ பவுலர்களைச் சோர்வடைய வைத்தவர்கள். நீங்கள் கேப்டன் என்றால், உங்கள் அணியில் யாராவது வரம்பு மீறும்போது அந்த ஓவர் முடிவதற்குள் போய் நிறுத்துங்கள், ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது "மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்வது போதாது. விதிப்படியும் அணியின் நடத்தைக்கு கேப்டன்தான் பொறுப்பு.

குடும்பம், சாதி, நிறம் என்று பேச்சு போனால் அங்கேயே, அப்போதே நடுவரிடம் சொல்லுங்கள். என்ன வார்த்தை, யார் சொன்னது, எந்த ஓவர் என்று குறிப்பாகச் சொன்னால் நல்லது. பந்தும் பேட்டுமே பதில் சொல்லட்டும் என்று பொறுத்துப்போகும் அறிவுரை இந்த இடத்தில் பொருந்தாது. அஸ்வின் விஹாரி ஜோடி நின்று காட்டிய அந்த டெஸ்டின் நான்காம் நாளில், பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த வசவை முகமது சிராஜ் நேராகப் போய்ச் சொன்னார், கேப்டன் ரஹானே நடுவர்களிடம் கொண்டுபோனார், ஆட்டம் சுமார் பத்து நிமிடம் நின்றது, ஆறு பேர் மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், அதன் பிறகுதான் சிராஜ் ஃபீல்டிங்குக்குத் திரும்பினார். நடுவர் இல்லாத சின்ன ஆட்டங்களில் இதைச் செய்ய வேண்டியவர்கள் இரண்டு கேப்டன்களும்தான், எதெல்லாம் பேசக்கூடாது என்பதை டாஸ் போடும்போதே இருவரும் பேசி முடித்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.